பகிடிக்காரி என்ற பெயர்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

இன்றைக்கு எங்கள் ஊரான அரிப்பின் கடற்கரையில் கருவாடு காயப்போடும்போது மச்சாளிடம், "மார்பில கட்டி ஒண்டு இருக்கு. நாளைக்கு என்னோட முருங்கன் ஆஸ்பத்திரிக்கு வாறியோ?" என்று கேட்டேன்.

"பகிடிக்காரி தொடங்கிட்டாள்! டொக்டரைச் சிரிக்க வைச்சே கொல்லப் போறியோ, மச்சாள்?" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தியாவில் அகதி முகாமில் அழுதுகொண்டிருந்த சனத்தை நான் சிரிக்க வைத்தபோது இவள்தான் இந்தப் பெயரை வைத்தாள். அதற்கு முன் நான் வாய் திறக்காதவள். ஊருக்குத் திரும்பி வந்தும் பெயர் என்னை விடவில்லை.

"உண்மையாத்தான் மச்சாள் சொல்லுறன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

விடிந்ததும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு நின்றால் நம்புவாள் என்றுதான் தெரியவில்லை.