பத்மா தைத்த உறை

சேக்காடு, ஆவடி
ஞாயிறு காலை

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. கவுகாத்தியில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசாமல் இதென்ன காகிதம் என்று சிரிக்காதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழும்பாது. எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.

இங்கே தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு ராணி குழம்பு கொடுத்தனுப்புகிறாள். உப்பை அள்ளிக் கொட்டியிருப்பாள். பாவம், நல்ல மனசு. அம்மா நம்மை விட்டுப் போன இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மாடியில் வைத்துவிட்டுப் போன காற்றுத் தூசு அளக்கும் பெட்டியில் அளவு பதிவாகிற கார்டை மாற்ற உன் சிநேகிதன் ஸ்ரீநாத் வந்தான். எப்போதும் காலையில் வருகிறவன், நேற்று சாயங்காலம் வந்தான். ஐந்தரை மணி. நான் வழக்கம்போல் பெட்டிக்கு உறையை மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். “ஐயோ அங்கிள், இன்னா பண்றீங்க? மூடிட்டா அது எப்டி காத்தை அளக்கும்?” என்று கத்தினான். தினமும் இப்படித்தானா என்று கேட்டான். தினமும்தான் என்றேன், பெருமையாக. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாப்பா, முப்பத்து நான்கு வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நான். ஷிப்ட் முடிந்ததும் அளவுக் கருவியைத் துடைத்து உறை போடாமல் ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. நம் பிள்ளையின் கருவியாச்சே, பனியில் கெட்டுப் போகக் கூடாதே என்று அம்மாவிடம் சொன்னேன். பழைய குடைத் துணியை வெட்டி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் மாட்டி, காலை ஏழு மணிக்கு எடுப்பேன். ஒன்றரை வருஷம்.

அதனால்தான் உன் கணக்கில் நம் தெருவின் இரவுக் காற்று அத்தனை சுத்தம். ராத்திரி ஏன் இப்படிக் குறைகிறது என்று உன் பேராசிரியர் கேட்டதற்கு, எங்கப்பா பார்த்துக்கற மெஷின் சார், தப்பே வராது என்று சொன்னாயாமே. ஸ்ரீநாத் சொன்னான்.

பட்டறைகளில் ராத்திரி டயர் எரிப்பதற்குத் தடை போடலாமா என்று பார்க்கிற குழுவுக்கு உன் அறிக்கை வெள்ளிக்கிழமை போகிறது. இந்தப் பக்கம் தடை தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நிறுத்து. என் பெயரைச் சொல்லியே நிறுத்து. நேற்று மாட்டிய உறையை அப்போதே கழற்றிவிட்டேன், ராத்திரி முழுக்கப் போடவில்லை. ராத்திரி அளவு பகலைப் போல் நாலு மடங்கு என்று இன்று விடிந்ததும் வந்து கார்டைப் பார்த்த ஸ்ரீநாத் சொல்கிறான், உனக்கும் அனுப்புவான்.

இன்னொன்று. நான் எழுதாவிட்டாலும் உனக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். ஆறு மணிக்கு மேல காத்து நல்லா இருக்கும்மா, ஜன்னலைத் தொறந்து வெச்சுத் தூங்கு என்று அம்மாவிடம் போனில் சொன்னாய். மூச்சிழுப்பு அதிகமானபோதும் அவள் சாத்த விடவில்லை. பாப்பா சொல்லியிருக்கா, படிச்ச பொண்ணு, உங்களுக்கு இன்னா தெரியும் என்று என்னை அதட்டினாள். டாக்டர் காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, இதயம் என்றுதான் எழுதினார். நானும் அதையே நம்பப் பார்க்கிறேன், முடியவில்லை. ஆனால் உன்மேல் ஒரு பொட்டுக் குற்றமும் கிடையாது. கருவி காட்டியதை நீ சொன்னாய். அதை மூடி வைத்தவன் நான்.

அறிக்கையின் கடைசியில், கருவியைக் கண்ணும் கருத்துமாகக் காத்த தந்தைக்கு நன்றி என்று போட்டிருக்கிறாயே, அந்த வரியை எடுத்துவிடு. உறையைத் தூக்கிப் போடத்தான் போனேன். என் பத்மாவின் கைத்தையல். மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி, கோபம் தீர்ந்ததும் ஒரு தடவை கூப்பிட்டு ‘அப்பா’ என்று சொல். வேறு எதுவும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
ரகுநாதன்