என் குரலைப் பாட்டுக்குள் வைத்தவனுக்கு

அன்பு மகன் வஜ்திக்கு அம்மா சாலிஹாவின் சலாம். நானும் உன் அப்பாவும் தங்கை தக்வாவும் அல்லாஹ் கருணையால் உடம்பளவில் நலம், மனசு நலமா என்று மட்டும் கேட்காதே. பிரான்ஸ் தேசத்து மார்செய்யில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் ஐந்து வேளையும் என் துஆ. என்னடா இது, போனில் பேசி அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்ப்பாய். இனி உனக்குக் குரல் அனுப்ப மாட்டேன், பட்டது போதும். பக்கத்து வீட்டு ஜம்னாவின் தம்பி அங்கே வரக் கப்பலேறுகிறான், இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் பஸீஸா மாவையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் நீ இரண்டு புதுப் பாட்டு வெளியிட்டாயே, தக்வா ஓடி வந்து போனை என் காதில் வைத்தாள். தாளம் தொடங்குவதற்கு முன்னாலேயே என் குரல்! அடுப்படியில் நின்று உன்னிடம் புலம்பியது அப்படியே வருகிறது. "பன்னெண்டு நாளா குழாயில காத்துதான் வருது. சுரங்கத்துல பாஸ்பேட் கழுவத் தண்ணி இருக்கு, மனுசன் மூஞ்சி கழுவ இல்ல. உம்தா லஸ்ஹர் வீட்டு எலுமிச்ச மரம் மட்டும் எப்படித்தான் பச்சையா நிக்குதோ!" நீ ராப் பாடி நியாயம் கேட்பதை நான் தப்பு சொல்லவில்லை, ஆனால் பெற்றவள் மகனிடம் புலம்புவது ஊருக்கா? இப்போது ரொட்டிக் கடைக்குப் போனால் "எலுமிச்ச அம்மா வந்தாச்சு, வழி விடுங்க" என்கிறார்கள். உன் அப்பா மாதிரிச் சுரங்கக்காரர்களின் தூசி ஏறிய நெஞ்சைப் பற்றி நீ பாடிய இரண்டாவது பாட்டை அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து நாலு தரம் கேட்டார். கேட்டால், தாளம் கொஞ்சம் வேகமாம்.

தக்வாவின் திருமண ஒப்பந்தத்துக்கு வசிப்பிடச் சான்று வேண்டும், அதில் ஊர் அதிகாரியான அதே உம்தா லஸ்ஹர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு முறை போய் நின்றேன், முத்திரை இல்லை என்றார்கள். பிறகு ஆள் மூலம் சொல்லியனுப்பினார், "பாட்டுல வர்றது யாரோ நடிகையோட குரல்னு நாலு பேர் முன்னால சாலிஹா சொல்லட்டும், உடனே கையெழுத்துப் போடுறேன்" என்று. ஆகஸ்டில் கல்யாணத்துக்கு நீ கப்பலை விட்டு இறங்கியதும் துறைமுகத்திலேயே போலீஸ் பிடித்து வைத்துக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம் வேறு. பொய் சொல்லியாவது முடித்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை போனேன். அலுவலகம் நிறையப் பெண்கள். "லஸ்ஹர் ஐயா, அந்தக் குரல் என்னோடது இல்ல" என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். "அதே குரல்தாண்டி! எங்க, அந்த எலுமிச்ச மரத்த இன்னொரு தடவ சொல்லு!" என்று ஜம்னா கத்தினாள், மொத்தக் கூட்டமும் சிரித்தது, ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். குரல் என்னுடையது இல்லை என்று சொல்ல அதே வாயைத்தான் திறக்க வேண்டும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. லஸ்ஹர் முகம் கறுத்து உள்ளே போய்விட்டார். சான்று இன்னும் வரவில்லை. நேற்று ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தது, எதனால் என்று தெரியாது, இருந்த பாத்திரத்தையெல்லாம் நிரப்பினேன்.

வா என்று எழுதப் பயமாக இருக்கிறது மகனே, வராதே என்று எழுத மனசு வரவில்லை. கல்யாணத்தன்று அண்ணன் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க மாட்டேன் என்கிறாள் தக்வா. கிளம்புவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள், தனியாக வராதே. யாராவது உன்னை நிறுத்தினால் பேசியது நான்தான் என்று சொல், நானே வந்து நிற்கிறேன், இந்தத் தடவை மறுக்க மாட்டேன்.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும், உன் நாவுக்கு நன்மையையே தரட்டும். மாவைத் தேனில் குழைத்துச் சாப்பிடு. ஒன்று மட்டும் கேட்கிறேன். எலுமிச்சை மரத்தோடு என் பேச்சை வெட்டிவிட்டாயே, அதற்குப் பிறகும் நான் பேசினேன். "அது கெடக்கட்டும், நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் அம்மா,
சாலிஹா