முன்னறையில் விரித்த போர்வை

அடம்பன்
12.03.2011

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். கூரை போட்டாயிற்று. இனி முன்னறை நிலத்துக்குச் சீமெந்து போட வேண்டியதுதான்.

முகாமிலிருந்து திரும்பிய லூசியா அக்கா நீங்கள் கொடுத்துவிட்ட பொதியைத் தந்தா. காணி உறுதிப் பத்திரமாக்கும் என்று அவிழ்த்தால், பழைய சாம்பல் நிறப் போர்வை! இந்த வெயிலுக்கு இது எதுக்கம்மா? உறுதியை உடனே அனுப்புங்கோ. மே மாதம் பால் காய்ச்ச வேணும். இழுத்தடிக்காமல் ஊர் திரும்பப் பதிவைப் போடுங்கோ.

விதுசன்


மண்டபம் முகாம்
29.03.2011

அன்பு மகனுக்கு,

உறுதி இத்துடன் வருகிறது. மேசன்மாரை விரட்டுற மாதிரி என்னை விரட்டாதை.

அந்தப் போர்வை நீ கொழும்புக்குப் படிக்கப் போன பிறகு வாங்கியது. அப்பா இங்கே முகாமில் கடைசி ஆறு மாதமும் அதைத்தான் போர்த்திருந்தார். செத்தவீட்டில் பாயோடு சேர்த்து எரிக்கச் சொன்னார்கள். நான் அரிசிச் சாக்குக்குள் ஒளித்துவிட்டேன். இரண்டு வருடமாக அதைப் போர்த்தால்தான் எனக்கு நித்திரை. இதை உனக்கு முதலே எழுத வெட்கமாயிருந்தது.

"இராசம்மா, என்னை அடம்பனுக்குக் கொண்டு போ" என்று கேட்டவர். எனக்கு முதல் அவர் வீட்டுக்குள் போகட்டும் என்றுதான் அனுப்பினேன். பால் காய்ச்சுகிற அன்று முன்னறையில் விரித்து வை. நான் வந்து அதில் இருப்பன். அந்த நினைப்பில்தான் எனக்குப் புறப்படவே மனம் வருகிறது.

அம்மா


அடம்பன்
10.04.2011

அம்மா,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உங்கள் கடிதம் வருமுன்பே நிலம் போட்டுவிட்டேன். புதுச் சீமெந்து வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கால் மூட வேணும். சாக்கு போதவில்லை. போர்வையை நனைத்து நடுவில் விரித்தேன். சீமெந்து இறுக முதலே விரித்துவிட்டேன். அவசரம். ஏழாம் நாள் உரித்தெடுத்தால், நெசவு முழுக்க நிலத்தில் பதிந்து கிடக்கிறது. நீங்கள் ஒட்டுப்போட்ட மூலைகூடத் தெரியுது. வேறொருவன் செய்த வேலையென்றால் கொத்தச் சொல்லியிருப்பேன்.

மூன்று தரம் தோய்த்தேன். ஒரு பக்கம் இன்னும் தகரம் மாதிரித்தான் இருக்கிறது. போன கிழமை காய்ச்சல். போர்க்க வேறொன்றும் இல்லை, அதைத்தான் போர்த்தேன். நடுக்கம் நின்றது.

கொழும்பில் சோதனை எழுத வேணும் என்று சொல்லி அப்பாவின் செத்தவீட்டுக்கு வராமல் விட்டவன் நான்.

நிலத்தை ஒரு நாளில் கொத்தி மாற்றலாம். சொல்லுங்கோ, செய்யிறன். வராமல் மட்டும் விடாதேங்கோ.

விதுசன்


மண்டபம் முகாம்
26.04.2011

மகன்,

இரண்டு நாள் உன்னில் சரியான கோபம். நான் ஒருநாளும் தோய்க்காமல் வைத்திருந்த போர்வையடா அது.

மூன்றாம் நாள் போய்ப் பதிவு போட்டேன். அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி வாறன்.

நிலத்தைக் கொத்தாதே. பாய் போடாமல் அந்த இடத்தில்தான் நான் இருப்பன்.

போர்வையை நீயே வைத்திரு. கரடான பக்கத்தை வெளியில் விட்டுப் போர்த்துக்கொள்.

அம்மா