படிக்காமல் வாங்கிய கையெழுத்து

என் தனம் அக்காவுக்கு, எங்களை விட்டுப் போனதற்காக இன்னும் உன்மேல் கோபம் தீராத கோமதி எழுதுவது.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. உப்பளப் பெண்கள் சங்கத்துக்கு உன் இடத்தில் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். வாயாடி, சமாளிப்பாள் என்று நினைத்துவிட்டார்கள். வாய் இருந்து என்ன பிரயோஜனம், சொல்லு.

நீ இருந்தபோது உன் கூட்டச் சட்டங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருத்தி ஒரு தடவை பேசிவிட்டால், மற்றவர்கள் எல்லோரும் பேசும்வரை மறுபடி வாய் திறக்கக் கூடாது. அது என்னை மனசில் வைத்துப் போட்டதுதான், எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்றவர்கள் பேரையும் நோட்டில் எழுத வேண்டும். எழுதிய தீர்மானத்தை உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. வெயில் ஏறுதே என்று ஒருநாள் முணுமுணுத்தேன்.

"படிக்கத் தெரியாதவளும் காதால கேட்டுட்டுத்தான் கைநாட்டு வைக்கணும், கோமதி. இல்லன்னா அவ எதுக்குக் கூட்டத்துக்கு வரணும்?" என்றாய்.

இப்போது நடந்ததைக் கேள். அளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தருகிறோம், எந்த இடத்தில் என்று தீர்மானம் போட்டுக் கொடுங்கள் என்று பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள். உனக்குச் சொல்ல வேண்டுமா? ஒதுங்க ரோட்டுப் பக்கம் போய்வர அரைமணி ஆகும் என்று, விடிகாலையிலிருந்து வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே இருந்தவள் நீ. கிட்னி கெட்டுப்போய்ப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தண்ணீரே குடிக்க மாட்டீங்களா என்று டாக்டரம்மா கேட்டார். நீ சிரித்தாய்.

பாத்திகளுக்கு நடுவில், பெரிய வரப்பின் மேல்தான் வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குள் பசி வந்துவிட்டது, உப்புத்தண்ணீர் பட்ட காலெல்லாம் எரிச்சல். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றேன். நான்தான் சொன்னேன். வெறும் தாளில் முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன். என் எழுத்து கோணல் என்று நோட்டை மேஸ்திரி வரதனிடம் கொடுத்து எழுதச் சொன்னேன்.

அவன் ரோட்டோரம், லாரியில் உப்பு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் என்று எழுதி, அன்றைக்கே ஆபீசில் கொடுத்துவிட்டான்.

"வரப்பு மேல ஜல்லி வண்டி வராதுக்கா. கட்டாமலே வுட்டுடுவாங்கன்னுதான் மாத்தினேன்" என்றான்.

கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவனோ நமக்கு நல்லது செய்ததாகவே நினைக்கிறான். ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"மொத கையெழுத்தே உங்களுதுதானேம்மா?"

வெயிலில் நடந்தே அளத்துக்குத் திரும்பினேன்.

கட்டி முடித்துப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். லாரிக்காரர்கள்தான் அதில் போய் வருகிறார்கள். நம் பெண்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடு கோமதி, நமக்குப் பழகினதுதானே என்கிறார்கள். நாலு வசவு வைதிருந்தால் தேவலை.

இன்னொன்று. மருந்துக்கடை வேலை போனதும் உன் மகள் தேவி அளத்துக்கு வர ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லியும் கேட்கவில்லை. காலையில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர் பாட்டிலை, மூடிகூடத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகிறாள்.

கட்டியதை இடிக்க என்னால் ஆகாது. வரப்பில் இன்னொன்று கேட்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறேன். படித்துக் காட்டாமல் நோட்டை யாரிடமும் நீட்ட மாட்டேன். ஆனால் கேட்டது கிடைக்குமா? நம்பிக்கை இல்லை அக்கா. அதுவரை தினமும் நடுவேலையில் தேவியைத் தண்ணீர் குடிக்க வைப்பேன். மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் அவளோடு ரோடுவரை நடந்து போய்விட்டு வருவேன். இது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

உன் ஓரகத்தி,
தேவியின் சித்தி,
கோமதி