மிஸ்ஸை மருமகளாகக் கேட்டது

அப்புத்தளை

அன்பு மகன் றொமேஷுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதி, டவுன் கடை ஸகீனாவின் மகன் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

மீரியபெத்தையில் மழைக்கு மண் சரிந்து வீடுகளை மூடியதிலிருந்து மழை என்றால் எனக்குத் தூக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். தகரத்தில் சொட்டுச் சத்தம் கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன், அப்பா குறட்டை விடுவார். நீ சண்டை பிடித்து என்னைப் பதுளைக்கு மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினாயே, அங்கே கவுன்சலிங் செய்கிற தனுஜா மிஸ் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேட்பாள், நம் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள் சொல்லு. ஒரு தடவை பை நிறையப் பேரிக்காய் கொண்டுபோனேன், தனக்கென்று வாங்கக் கூடாது என்று சொல்லி வெளியே காத்திருந்தவர்களுக்குக் கொடுக்க வைத்தாள். வீட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. போன் நம்பர் கேட்டேன், கிளினிக் நம்பரைத் தந்தாள். இவ்வளவு அடக்கமான பிள்ளையை வேறு யாரும் கேட்பதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, போன கிழமை நீ கோட் போட்டு எடுத்த போட்டோவை அவள் மேசையில் வைத்துவிட்டேன்.

மிஸ் அதைக் கையிலும் எடுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “மனசில உள்ளதக் கொட்டத்தானே இங்க வர்றீங்க. நான் மருமகளாயிட்டா, மருமகளப் பத்தி யாருகிட்ட வந்து சொல்லுவீங்க?” என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்து, அப்படியென்றால் கிளினிக் வருவதை நிறுத்திவிடுகிறேன், கல்யாணத்தை வைத்துக்கொள்வோம் என்றேன். “வர்றத நிறுத்தினாலும் கூடாதும்மா. நீங்க நம்பிச் சொன்னத வச்சுக்கிட்டு ஒங்க வீட்டுக்குள்ள நான் வரக்கூடாது, எங்க தொழில்ல அது பெரிய தப்பு” என்றாள். போட்டோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு இங்கே வருவது, அடுத்த மழைக்கு யாரிடம் போவது என்று நினைத்துக்கொண்டே கதவுப் பக்கம் நடந்தேன். அவளோ, உட்காருங்கம்மா, இன்னும் நேரம் இருக்கு, போன மழைக்கு என்ன செஞ்சீங்க என்று ஒன்றுமே நடக்காத மாதிரிக் கேட்டாள். அப்போதுதான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன், அழுதும் தீர்த்தேன். அது என்னவென்று உனக்கு எழுத மாட்டேன். அப்பாவும் துருவித் துருவிக் கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. முந்தாநாள் மழையில் வழக்கம்போல் வாசலில்தான் இருந்தேன், இருந்தபடியே தூங்கிப்போனேன், அப்பாதான் பயந்து எழுப்பினார்.

உனக்குப் பெண் பார்ப்பதை நான் விடவில்லை. பண்டாரவளையில் நிஷாலினி என்று ஒரு டீச்சர் இருக்கிறாள், அவளிடம் நான் எதையும் கொட்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று, வியாழக்கிழமை காலையில் எனக்குப் போன் பண்ணாதே. அன்றைக்குத்தான் கிளினிக், மிஸ்ஸிடம் உன்னைப் பற்றியும் கொஞ்சம் பேச இருக்கிறது.

பாசமுள்ள அம்மா
ஜெபமலர்