அழகி புருஷன் நல்லதம்பி

ஜூலை 1, 2025, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் தொடங்கினேன். ஹிட்லர் என்றால் தலையாட்டுகிறார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பான் ராணுவம் மலாயாத் தோட்டத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாகடித்ததைச் சொன்னேன். "பரீட்சைக்கு வருமா டீச்சர்?" வராது, கண்ணுகளா. அதனால்தான் சொல்கிறேன். எங்கள் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் மலாயாவுக்கு ஆள் போகாத ஊர் எது?

ஜூலை 3

கல்லூரித் தோழி பிளெஸ்ஸி மலேசியாவில் இருக்கிறாள். அந்தப் பாதையில் வேலை செய்து உயிர் தப்பிய ஒரு பெரியவர் சாவதற்கு முன் பேசிய ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறாள். வகுப்பில் போடத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டேன். "ரிசல்ட்டைப் பாருங்க ஞானமணி டீச்சர், பிள்ளைங்கள அழ வைக்காதீங்க" என்று இழுத்தார். ரிசல்ட் எங்கே ஓடிவிடப் போகிறது.

ஜூலை 4

வகுப்பில் போட்டேன். முதல் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு மீதியைக் கேட்காமலே போட்டேன்.

"காலரா கண்டவங்கள உசுரு இருக்கும்போதே குழியில தள்ளுனாங்க. என் கூட்டாளி நல்லதம்பி. குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆளு. குழிக்குள்ள கெடந்து கைய ஆட்டுனான். ஊருக்குப் போனா அழகிக்கிட்ட சொல்லுன்னான். நான் ஊருக்கே போகல."

கடைசி வரிசையில் காவ்யா எழுந்து நின்றாள். "டீச்சர், அது எங்க கொள்ளுத்தாத்தா." சொல்லிவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தாள்.

ஜூலை 5

காவ்யா வீட்டுல போன் எடுக்கமாட்டேங்கிறாங்க. பிள்ளைக்கு என்ன ஆச்சோ. முழுசாக் கேட்டுட்டுப் போட்டா என்ன? எனக்கு எல்லாத்துலயும் அவசரம் —

ஜூலை 7

காவ்யாவின் அப்பா திருப்பதி பள்ளிக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அழகி அவருடைய அப்பாவைப் பெற்றவர். வயிற்றில் பிள்ளையோடு அவரை விட்டுவிட்டு நல்லதம்பி மலாயா போயிருக்கிறார். சில வருஷங்களில் கடிதம் நின்றது. அங்கிருந்து திரும்பிய ஒருவன், அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அழகியின் அண்ணன் தம்பிகள் அவரையும் குழந்தையையும் ஊருணிக்குக் கூட்டிப்போய்த் தலைமுழுக வைத்து, தாலியையும் கழற்றிவிட்டார்கள். உறவு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நல்லதம்பி பெயரைச் சொன்னதில்லை; ஊரார் ஏச்சில்தான் அந்தப் பெயர் காவ்யா காது வரைக்கும் வந்திருக்கிறது. திதி இல்லை, படையல் இல்லை. அழகியும் அப்படியே நம்பிச் செத்துப்போனார்.

அந்தக் குழந்தைதான் திருப்பதியின் அப்பா செல்லமுத்து. எண்பது தாண்டிவிட்டார்.

"ஓடிப்போனவன் மகன்னே பேரெடுத்து வளந்தவரு டீச்சர். காவ்யா போயி அவருக்கிட்ட சொல்லிட்டா. தலைமுழுகுனது முழுகுனதுதான்னாரு. அன்னையில இருந்து சரியாச் சாப்பிடல."

வேறு யாராவது நல்லதம்பியாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். "மலாயா போன நல்லதம்பி, பொண்டாட்டி பேரு அழகி. எங்க பக்கத்துல வேற யாரு டீச்சர்?"

ஜூலை 13, ஞாயிறு

செல்லமுத்து ஐயா என்னை வரச் சொல்லியிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். பதிவைப் போட்டேன். குழி வந்த இடத்தில் நிறுத்தப் போனேன்.

"ஓடட்டும்."

நல்லதம்பி பேச்சு முடிந்ததும் நிறுத்தி, அந்த இடத்தையே மறுபடி போடச் சொன்னார். அப்புறமும் போடச் சொன்னார்.

"வேற பொம்பள பேரு எதுவும் சொல்லலையே?"

"இல்லைங்கய்யா. அழகின்னு மட்டுந்தான்."

"இத இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?" என்று என் மேல் பாய்ந்தார். நானா வைத்திருந்தேன்? ஆனால் வேறு யார் மேல்தான் அவர் பாய்வது? பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்க ஆத்தாவுக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. நான்தான் அழுதேன்.

ஜூலை 16

இனி இந்த மாதிரி எதையும் வகுப்பில் போடக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். சரி என்றேன். சரியில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காவ்யா வரவில்லை.

ஜூலை 25

காவ்யா வந்தாள். நேற்று மணமேல்குடிக் கடலுக்குப் போனார்களாம்.

"தாத்தா கடல்ல முங்கி எந்திரிச்சு வந்து உக்காந்தாரு டீச்சர். ஐயரு அப்பா பேரு கேட்டாரு. எங்கப்பா சொல்லப் போனாரு, தாத்தா கையக் காட்டி நிறுத்திட்டாரு. ரொம்ப நேரங்கழிச்சு அவரே சொன்னாரு."

போகாமல் நின்றாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அந்தக் குழியில கூடக் கெடந்தவங்க பேரு தெரியுமான்னு. அடுத்த அமாவாசைக்கு அவங்களுக்கும் எள்ளுந் தண்ணியும் விடணுமாம்."

வீட்டுக்கு வந்து பதிவை முதலிலிருந்து கடைசி வரைக்கும் இப்போதுதான் கேட்டேன். கடைசியில் பேட்டி எடுத்தவரும் இதையேதான் கேட்கிறார். "மத்தவங்க பேரு தெரியாதுங்க" என்கிறார் பெரியவர். "தெனமும் புதுசு புதுசாக் கொண்டாந்தாங்க. பேரு கேக்குறதுக்குள்ள செத்துப்போனாங்க."

திங்கட்கிழமை காவ்யாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.