வதனியின் மெஷின்

ஜனவரி 24, 2025

இன்று சொல்லாதது: நாங்கள் ஒருவரும் இந்தக் கிழமை ஐந்து நாளும் தேத்தண்ணி குடிக்கவில்லை என்பது.

கார்மென்ட்ஸ் மனேஜர் எங்கள் தையல் லைனுக்கே வந்தார். "வதனி கிழமை முழுக்க இல்ல. ஒரு சட்டையும் குறையல்லயே! எப்பிடி?"

சொல்ல வாயெடுத்தேன். வதனியின் மகன் டெங்குவோடு ஆஸ்பத்திரியில். அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டால், திரும்பி வரும்போது அவளுக்கு இடமிருக்காது. அதனால்தான் தேத்தண்ணி நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் மாறி மாறி அவள் மெஷினில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் கொலர் தைத்துப் பூட்டுகிறோம் —

பக்கத்து மெஷின் றஸீனா என் காலை மிதித்தாள். "பேசாம இரி புள்ள. பிறகு இடைவேளையில மெஷினத் தொட உடமாட்டாங்க."

"ஈடுபாடு எண்டா இதுதான்," என்று மனேஜர் கைதட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரி 26

வதனி எனக்குப் போன் பண்ணினாள். மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். நாளைக்கு வேலைக்கு வருகிறாள்.

"என்ட மெஷின் என்னத் தேடுதாகா?"

"அது இப்ப றஸீனாவோட குடும்பம் நடத்துது," என்றேன். என்ன சிரிப்பு!

ஜனவரி 27

மெஷின் இல்லை.

கழற்றி எடுத்துவிட்டார்கள். இடைவெளிகூட விடவில்லை. மற்ற மெஷின்களை நெருக்கிப் போட்டிருந்தார்கள். வதனி சாப்பாட்டுப் பையோடு நின்றாள். லைன் மாறி வந்துவிட்டோமோ என்று மேலே தொங்கும் இலக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை. கடவுளே.

மனேஜர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "நான் என்ன செய்யிற? அவ இல்லாமலே ஏலும் எண்டு நீங்கதானே காட்டின."

நாங்களா? நாங்கள்தானா?

"தேத்தண்ணி குடிக்காமத் தைச்சம் சேர்! சாப்பிடாமத் தைச்சம்!" சத்தம் போட்டது நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"நல்லம். அப்பிடியே செய்ங்க," என்றார்.

படித்த கதைகளில் துரோகம் செய்கிறவனுக்குத் தான் செய்வது தெரிந்திருக்கும். எங்களுக்கு ஏன் தெரியவில்லை?

வதனி வவுணதீவு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். எங்கள ஏசியிருக்கலாமேகா வதனி. ஏன்கா ஏசல்ல?

பெப்ரவரி 3

வதனி போனை எடுக்கிறாளில்லை.

பெப்ரவரி 13

எங்கள் லைன் நிருஷாவுக்குக் காய்ச்சல். வரவில்லை. அவள் மெஷினுக்கு முன்னால் கை பூட்டாத சட்டைகள் குவிந்தன. மனேஜர் வந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

இடைவேளை மணி அடித்தது. றஸீனா முதலில் எழும்பினாள். எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.